திராட்சைச் சரிவுக்குப் பின்னால்: பிரான்சில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட எந்தப் பகுதி?

பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒயின் பெயரைப் பார்த்தே ஊரை முடிவு செய்கிறார்கள். போர்தோ பெயர் பெற்றது, அதனால் போர்தோ. ஷாம்பேன் உலகப் புகழ், அதனால் ஷாம்பேன். குடிப்பவருக்குச் சரியாக இருக்கலாம், மிதிப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: தோட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

காரணம் இதுதான். கிழக்குப் பிரான்சின் ஒயின் பகுதிகளான பர்கண்டியிலும் அல்சாஸிலும் பேர்போன தோட்டங்கள் எல்லாம் கிழக்கு பார்த்த மலைச்சரிவின் கீழ்ப்பகுதியில், சேலைக் கரை போல நீளமாக ஓடுகின்றன. காலை வெயில் விழும், தண்ணீர் தேங்காது, மேற்கிலிருந்து வரும் மழையை மலை தடுத்துவிடும். திராட்சைக்கு இது போதும். சைக்கிளுக்குப் போதாது. நீளம் இருந்தாலும் அகலம் இல்லை. பல இடங்களில் ஓரிரு கிலோமீட்டர்தான். கொஞ்சம் பழகிய கால் உள்ளவர் ஒரு காலைப் பொழுதில் அதன் நல்ல பகுதியைப் பார்த்துவிடுவார். மீதி நாள்களில் சக்கரம் உருளப் போவது அந்தச் சரிவுக்கு மேலேயும் பின்னாலும் இருக்கும் நிலத்தில். ஆகவே தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் விரலைச் சற்று மேற்கே நகர்த்த வேண்டும்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது ரோடு பைக் ஓட்டுகிறவர்களை. 28 மில்லிமீட்டர் டயர், நாளொன்றுக்கு 60 முதல் 100 கிலோமீட்டர், ஏற்றம் வந்தால் சலித்துக்கொள்ளாத மனம். பையும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் பதில் வேறு. அவர்களுக்கு லுவார் ஆற்றங்கரையைச் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். சுமார் 900 கிலோமீட்டர் நீளத்துக்கு அடையாளப் பலகைகளோடு கூடிய பாதை, பெரும்பாலும் சமதளம், இடையிடையே செனோன்சோ, வில்லாந்திரி என்று கோட்டைகள், வுவ்ரே, சோமூர் போன்ற ஒயின் ஊர்கள். தூர் நகரத்துக்குப் பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். ஆனால் ரோடு பைக்கில் மூன்றாம் நாள் அலுப்புத் தட்டிவிடும். ஆற்றுக் கரைமேல் நேராக ஓடும் பாதை, சில இடங்களில் சரளைக்கல், எதிரே கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று. லுவாருக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டால் மேற்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கி ஓட்டுங்கள். பலரும் மறுதிசையில் போய் வாரம் முழுவதும் காற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

போர்தோவையும் சீக்கிரம் முடித்துவிடலாம். நகரத்தின் தென்கிழக்கே பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதை ஒன்று கிரெயோன் வழியாகச் சோவ்தேர் வரை 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. அதற்கு ரொஜே லபெபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1937-ல் டூர் டி பிரான்ஸ் வென்றவர், கியர் மாற்றியோடு அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஆள். பெயர் அருமை, தார் அருமை. ஆனால் பாதையின் பெரும்பகுதி மரங்களுக்கு நடுவே போவதால் திராட்சை கண்ணில் படுவது விட்டு விட்டுத்தான். மெதோக் பக்கம் போனால் மாளிகைகள் வரிசையாக நிற்கும், சாலை தட்டையாகக் கிடக்கும். ஒயின் வியாபாரத்தைப் பார்க்க நல்ல இடம். கால்களுக்கு வேலை இல்லை.

ஆக, உண்மையான போட்டி மூன்று பகுதிகளுக்கு இடையே: பர்கண்டி, அல்சாஸ், வோந்தூ மலையடிவாரம்.

பர்கண்டியில் தங்க வேண்டிய ஊர் போன் நகரம். பாரிஸிலிருந்து திஜோன் வரை அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஏறத்தாழ 20 நிமிடம். 1443-ல் ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை ஒன்று பல வண்ண ஓடுகள் வேய்ந்த கூரையோடு ஊரின் நடுவே நிற்கிறது. ஊரைத் தாண்டியதும் தெற்கே சாந்தனே வரை 20 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் தோட்டப் பாதை தொடங்குகிறது. பொமார், வொல்னே, மெர்ஸோ, ப்யூலினி-மொன்ராஷே. ஒயின் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கும் பெயர்கள் இங்கே பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கடந்துபோகும் கிராமங்கள். பாதை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். டிராக்டர் போக வரத் தோட்டக்காரர்கள் போட்டுக்கொண்ட ஒற்றைத் தடம், சில இடங்களில் தார், சில இடங்களில் காங்கிரீட். முழங்கால் உயரக் கல்சுவர்கள் ஒவ்வொரு தோட்டத்தையும் பிரிக்கின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் விளைவதன் விலை ஒன்று, அந்தப் பக்கம் விளைவதன் விலை பத்து மடங்கு என்பது இங்கே சாதாரணம். இப்படிப் பெயர் சூட்டி எல்லை கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள்தாம் 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. போன் நகருக்கு வடக்கே வோன்-ரொமானேயில் இருக்கும் ரொமானே-கொந்தி தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். நம் ஊரில் சுமாரான ஒரு தென்னந்தோப்பு அளவு. சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்தால் மற்ற தோட்டங்களுக்கும் அதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

சரி, பின்னால் என்ன? சரிவின் உச்சியைத் தாண்டினால் மேட்டுநிலம். கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். சான் ரொமேன் கிராமத்துக்கு மேலே வெள்ளைப் பாறைச் செங்குத்து, லா ரொஷ்போவில் வண்ண ஓட்டுக் கோட்டை, வெள்ளை நிறச் சாரொலே மாடுகள், மணிக்கு நாலைந்து கார்கள் போகும் கிராமச் சாலைகள். ஏற்றங்கள் மூன்று, நான்கு கிலோமீட்டரில் முடிந்துவிடும். ஆனால் ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தொடங்கும். நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் ஆயிரம் மீட்டர் ஏறியிருப்போம், ஒரு மலையைக்கூட ஏறாமல். மலைக்குப் பெயர் சொல்லிப் பெருமைப்பட முடியாது, அதுதான் குறை. அமைதியை விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல நிலம் இந்த மூன்றில் இல்லை.

இன்னும் தெற்கே போனால் கிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். இதுவும் பழைய ரயில் தடம்தான், 1997-ல் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். க்ளூனியில் 910-ல் தொடங்கிய மடத்தின் மிச்சம் இருக்கிறது. ரோமில் இப்போதைய புனித பேதுரு பேராலயம் கட்டப்படும் வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இதுதான். அங்கிருந்து மாகோன் போகும் வழியில் 1.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று வருகிறது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வௌவால்கள் உறங்கும் காலம் என்பதால். சைக்கிளுக்கு மேலேறிப் போக மாற்று வழி உண்டு.

அல்சாஸ் இதற்கு நேர்மாறு. பர்கண்டி ஒதுங்கி நிற்கும் ஊர் என்றால் அல்சாஸ் வாசலில் நின்று அழைக்கும் ஊர். மரச்சட்டம் போட்டு நீலமும் மஞ்சளும் பூசிய வீடுகள், கூரையில் நாரைக் கூடு, ஜன்னல்தோறும் சிவப்பு ஜெரேனியப் பூ. ரிக்விர், எகிஷைம், கைசர்ஸ்பெர்க் ஆகிய மூன்றும் பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாப் பயணிகள் வந்திறங்கும் ஊர்கள். காலை பத்து மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். கீழே உருளைக்கல் பாவிய தரை வேறு. கார்களுக்கான ஒயின் சாலை 1953-லிருந்து இருக்கிறது, வடக்கிலிருந்து தெற்காக 170 கிலோமீட்டர். சைக்கிளுக்குத் தனித்தடம் அதையொட்டித் தோட்டங்களுக்குள்ளேயே வளைந்து போகிறது. பார்வைக்குச் சமதளம் போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கிராமத்துக்கும் முன்னால் முந்நூறு, நானூறு மீட்டர் தூரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மேடு ஒன்று காத்திருக்கும்.

இந்தக் கூட்டத்தையும் அலங்காரத்தையும் பார்த்துவிட்டு, இது நமக்கான ஊர் இல்லை என்று திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் மேற்கே பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். அல்சாஸின் முதுகில் வோஜ் மலைத்தொடர் இருக்கிறது. கிராண்ட் பலோன் 1,424 மீட்டர். மலைத்தொடரின் தென்கோடியில் இருக்கும் பலோன் தல்சாஸ்தான் 1905-ல் டூர் டி பிரான்ஸ் முதன்முதலாக ஏறிய பெரிய மலை. ஆல்ப்ஸ் போலப் பயமுறுத்தும் உயரம் கிடையாது. ஆனால் ஊரிலிருந்து புறப்பட்டு, திராட்சைக்கு நடுவே பத்துக் கிலோமீட்டர் கால்களைச் சூடாக்கிக்கொண்டு, அப்படியே காட்டுக்குள் ஏறி மலைமுகட்டுக்குப் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். இந்த வசதி பர்கண்டியில் இல்லை.

ஒரு சுற்றைச் சொல்கிறேன். தோட்டங்களை ஒட்டிய கொல்மார் நகரத்திலிருந்து கைசர்ஸ்பெர்க், அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியே ஓர்பே, அதற்கு மேல் லாக் பிளான் ஏரி வரை ஏற்றம். திராட்சை கைசர்ஸ்பெர்க்கோடு நின்றுவிடும். அப்புறம் புல்வெளி, அப்புறம் ஊசியிலைக் காடு. ஏரி ஏறத்தாழ 1,050 மீட்டரில் பாறைச் சுவருக்கு அடியில் கருப்பாகக் கிடக்கிறது. இன்னும் சற்று ஏறினால் முகட்டுச் சாலை. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் போட்ட சாலை இது. கிழக்கே இருந்த ஜெர்மானியர் கண்ணில் படாமல் தளவாடம் கொண்டுபோக வேண்டும் என்று முகட்டின் மேற்குப் புறமாகவே பெரும்பாலும் கொண்டு போயிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை உயரத்தில் ஓட்டும்போதும் அல்சாஸ் சமவெளி அடிக்கடி மறைந்துகொள்கிறது. 1,139 மீட்டர் உயரமுள்ள ஷ்லுக்த் கணவாயில் கிழக்கே திரும்பினால் மன்ஸ்டர் வரை 17 கிலோமீட்டர் இறக்கம். சீரான இறக்கம், நாலரை சதவீதம். பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே வராது. மொத்தச் சுற்றும் 80 முதல் 90 கிலோமீட்டர். கால் ஓய்ந்துவிட்டால் மன்ஸ்டரிலிருந்து கொல்மாருக்கு ரயில் இருக்கிறது.

ஒரே வேகத்தில் ஓட்டாத இரண்டு பேர் சேர்ந்து போகும்போது இந்த ரயிலின் அருமை தெரியும். ஸ்ட்ராஸ்பூர், செலெஸ்தா, கொல்மார், முலூஸ் என்று தோட்டங்களுக்கு இணையாகவே ஒரு தடம், மன்ஸ்டர் பள்ளத்தாக்குக்கு ஒரு கிளை. ஒருவர் மலையேறலாம், மற்றவர் தோட்டப் பாதையில் மெதுவாகப் போய் மதியம் மன்ஸ்டருக்கு ரயிலில் வந்து சேரலாம். மேலே மேய்ச்சல் நிலங்களில் உணவகம் நடத்தும் பண்ணை வீடுகள் இருக்கின்றன. சைவக்காரர்கள் கவனிக்க: அங்கே உருளைக்கிழங்கு என்று சொல்லித் தருவதிலும் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மன்ஸ்டர் பாலாடைக்கட்டியின் வாசனை பழகாதவரை எழுந்தோடச் செய்யும். காட்டு நாவல்பழம் போலிருக்கும் மிர்த்தில் பழ இனிப்பு அப்படியில்லை, இரண்டு துண்டாக வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, தென்பிரான்சில் இருக்கும் புரோவான்ஸின் வடக்கு ஓரம். வோந்தூ மலை 1,910 மீட்டர், சுற்றிலும் துணைக்கு வேறு மலை இல்லாமல் தனியாக நிற்கிறது. அடிவாரத்துப் பெதுவான் கிராமத்திலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஏற்றம் ஏறத்தாழ 1,600 மீட்டர். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் திராட்சைக்கும் செர்ரி மரங்களுக்கும் நடுவே போகும், கால் இலேசாக இருக்கும், வேகம் கூடும். இந்த இடத்தில் வேகத்தை அடக்கத் தெரியாதவர் பிறகு வருந்துவார். செயின்ட் எஸ்தேவ் வளைவில் சாலை காட்டுக்குள் திரும்பியதும் ஒன்பது, பத்து சதவீதச் சரிவு தொடங்கி ஒன்பது கிலோமீட்டருக்கு விடவே விடாது. வளைவுகள் குறைவு, காற்றும் குறைவு. சாலையோரக் கல் ஒவ்வொரு கிலோமீட்டரும் அடுத்த கிலோமீட்டரின் சரிவைச் சொல்லிக்கொண்டே வரும். ஷாலே ரெனார் உணவகத்துக்கு மேலே மரமே இல்லை, வெள்ளைக் கற்குவியல் மட்டும். உச்சிக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது டாம் சிம்ப்சனின் நினைவுக் கல் வருகிறது. 1967 ஜூலை 13 அன்று டூர் பந்தயத்தில் அந்தச் சரிவில் விழுந்து இறந்தவர். வழிப்போக்கர்கள் தண்ணீர் பாட்டில்களையும் தொப்பிகளையும் அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

எளிய வழியும் உண்டு. சோ என்னும் ஊரிலிருந்து 26 கிலோமீட்டர், ஷாலே ரெனார் வரை மென்மையான சரிவு. மலோசேனிலிருந்து மூன்றாவது வழி, அது பெதுவானுக்குச் சளைத்ததல்ல. மூன்றையும் ஒரே நாளில் ஏறுகிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, பெயரிலேயே தங்களைக் கிறுக்கர்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மலைக்கு எதிரே தாந்தெல் த மொன்மிராய் பாறைகளைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம்: மலோசேன், சுஸெத், போம்-த-வெனிஸ், ஜிகோந்தாஸ், செகுரே, வெஸோன். தோட்டமும் பாறையும் ஒரே சட்டகத்துக்குள் வரும் இந்தச் சாலைக்கு இணையாக அழகில் நான் ஓட்டிய எதையும் சொல்ல மாட்டேன். மேற்கே ஷாத்தோநெஃப்-து-பாப் வரைக்கும் நீட்டினால், 1954-ல் பறக்கும் தட்டுகள் தங்கள் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று மேயர் ஆணை பிறப்பித்த ஊரையும் பார்த்துவிடலாம். இறங்கினால் பறிமுதல். ஒயினுக்கு விளம்பரம் வேண்டியிருந்தது, கிடைத்தது.

சைவ உணவுக்கு மூன்று பகுதிகளில் இதுதான் நல்லது. ஒலிவ எண்ணெய், காய்கறி, ஜூனில் வோந்தூ செர்ரி. ரோடு பைக் வாடகைக்கு எடுப்பதும் பெதுவானில் சுலபம். ஊரே சைக்கிள் கடைதான்.

பிறகு ஏன் எல்லோரையும் இங்கே அனுப்பவில்லை? காற்று. ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்த்ரால் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். 2016-ல் டூர் பந்தயமே உச்சிக்குப் போக முடியாமல் ஆறு கிலோமீட்டர் கீழே, ஷாலே ரெனாரில் முடித்துக்கொண்டது. காற்று வந்தால் சில நாள் நிற்கும். மூன்று நாள் விடுமுறையில் வந்து மலையைக் கீழே நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் நிறைய. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ரயில் வசதியும் குறைவு. அவின்யோனிலிருந்து கார்பந்த்ரா வரை உள்ளூர் ரயில், அதற்குப் பிறகு நீங்களே மிதிக்க வேண்டியதுதான். சோர்ந்துவிட்டவரை ஏற்றிக்கொண்டு வர வழியில் ஒன்றும் கிடையாது. கியரும் பார்க்க வேண்டும்: முன்னால் 34, பின்னால் 32 பல் இல்லாமல் பெதுவான் பக்கம் போகாதீர்கள்.

எங்கே போனாலும் பொருந்தும் சில விஷயங்கள். கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும், பல பேக்கரிகள் திங்களன்று திறப்பதே இல்லை. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காகப் பெரும்பாலும் வாசலோரத்தில் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் ஜூலை வரை, கொடி வரிசைகளைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு நடக்கும் உயரமான டிராக்டர்கள் மருந்தடிக்கும். வாசனை வந்தால் அந்தத் தடத்தில் போகாமல் சுற்றிப் போவது நல்லது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு கார் ஓட்டுகிறவருக்குப் போலவே சைக்கிள்காரருக்கும் உண்டு. சுவை பார்ப்பதை மாலைக்கு வைத்துக்கொள்வதுதான் முறை. அதிவேக ரயிலில் சைக்கிளைப் பிரித்து 130-க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் அடக்கிவிட்டால் மற்ற பயணப் பெட்டிகளைப் போலவே கணக்கு.

முதல் முறை போகிறவருக்கு என் பதில் அல்சாஸ், தங்குமிடம் கொல்மார். தோட்டத்தையும் மலையையும் ஒரே நாளில் தருவது, துணைக்கு ரயில் வைத்திருப்பது, மழை குறைவது ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் வேறில்லை. பிரான்சில் மிகக் குறைவாக மழை பெறும் நகரங்களில் கொல்மாரும் ஒன்று. பாரிஸிலிருந்து மூன்று நாள் மட்டும் ஒதுக்க முடிந்தால் பர்கண்டி. ரயிலில் நேரம் வீணாகாது, மலை ஏறாத குறையும் தெரியாது. வோந்தூ உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறேன் என்பவர் பெதுவானில் ஒரு வாரம் முழுவதும் தங்கட்டும், காற்றுக்கு ஓரிரு நாள் விட்டுவைத்து.

மாதமும் முடிவை மாற்றும். ஏப்ரலிலும் அக்டோபர் கடைசியிலும் வோஜ் முகட்டில் குளிர் கடுமையாக இருக்கும். அப்போது ஜிகோந்தாஸ் பக்கத்துத் தாழ்வான சாலைகள் இதமானவை, வோந்தூ உச்சிச் சாலை பனிக்காக மூடியிருந்தாலும் கீழே ஓட்ட நிறைய இருக்கிறது. மே, ஜூன், செப்டம்பரில் மூன்றுமே நன்று. செப்டம்பரில் அறுவடை நடப்பதால் தோட்டப் பாதைகளில் மண்ணும் டிராக்டரும் கூடுதல். ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுமுறை கிடைப்பவர் வோஜ் மலைக்கே போகலாம்; கீழே கொல்மார் வேகும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் காட்டு நிழல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகட்டுச் சாலையை மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதிகாலையிலேயே தோட்டப் பாதையில் இறங்கி, பஸ்கள் வருவதற்குள் ரிக்விரைத் தாண்டிவிடுங்கள்.